சொட்டு விழுந்த வாசல்

எங்கள் பக்கத்து வீட்டுச் சின்னுசாமி மாமாவுக்கு வாய் இரும்புப் பெட்டி. எந்த வீட்டில் பெண் இருக்கிறது, எந்த வீட்டில் பேச்சு நடக்கிறது, யார் யாரை வேண்டாம் என்றார்கள் என்பதெல்லாம் அந்த வாயிலிருந்து வராது. வரன் பார்த்துச் சொல்கிறவனுக்கு அதுதான் முதல் தகுதி என்பார். தரகர் என்று சொன்னால் கோபம் வந்துவிடும். புண்ணியத்துக்குச் செய்கிறாராம். சேந்தமங்கலத்தைச் சுற்றி அவர் சேர்த்த புண்ணியம், பிரிக்காத வேட்டி துண்டுகளாக அவர் வீட்டு பீரோவில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது.

வாய் இரும்புப் பெட்டி, சரி. ஆனால் வண்டி ஓட்டைப் பானை.

அது சீமையில் செய்த பழைய மோட்டார் சைக்கிள். டாங்கியில் எழுதியிருந்த கம்பெனிப் பெயர், துடைத்துத் துடைத்தே போய்விட்டது. கல்யாணத்தின்போது மாமனார் கொடுத்தது. இவர் புது வண்டி எதிர்பார்த்தார் என்பதும், மாமனார் தனக்குப் புது வண்டி வாங்குவதற்காக இதை இவர் தலையில் கட்டினார் என்பதும் ஊருக்கே தெரியும். ஆனாலும் சீராக வந்ததை விற்றுவிட்டு மனைவி சாரதாமணி அத்தையின் முகத்தில் எப்படி முழிப்பது? அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. இந்த வண்டிக்குக் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். காலம் பூராவும் அதிலேயே பழகியவர், ஒருமுறை மகனுடைய வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்து, குச்சிக்கிழங்குக் காட்டுக்குள் போய்த்தான் நின்றார். அதற்குப் பிறகு வேறு வண்டியைத் தொடவில்லை.

இந்த வண்டியில் என்ஜினின் வலது பக்க மூடிக்கு அடியில் ஆயில் கசியும். ஓடும்போது தெரியாது. நிறுத்தி ஸ்டாண்டு போட்டால் கொஞ்ச நேரத்தில் ஒரு சொட்டு கறுப்பாகத் திரண்டு தரையில் விழும். வந்தவர் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போயிருந்தால் ஒற்றைச் சொட்டு. காபி வரைக்கும் போயிருந்தால் எட்டணா அகலம். நட்சத்திரப் பொருத்தம் பார்த்து, பையனின் சித்தப்பா எங்கே வேலை செய்கிறார் என்பது வரை பேச்சு நீண்டிருந்தால் உள்ளங்கை அகலம். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதைப் படிக்க யாரும் சொல்லித்தரவில்லை. பளபளப்பாக இருந்தால் இன்றைக்கு வந்திருக்கிறார், மண் ஒட்டியிருந்தால் நேற்று. வீட்டுக்கு வீடு கையில் போன் இருக்கிறது, சாதிக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது, அதில் பையன்கள் கூலிங்கிளாஸ் போட்டு நிற்கிற படங்கள் இருக்கின்றன. ஆனாலும் காலையில் எழுந்து அடுத்த வீட்டு வாசலைக் குனிந்து பார்த்தால்தான் எங்கள் ஆட்களுக்குத் திருப்தி.

முதலில் எல்லோருக்கும் இது இடைஞ்சலாகத்தான் இருந்தது. பிறகு காலம் மாறியது. எங்கள் பக்கம் பெண் கிடைப்பது குதிரைக் கொம்பாகிவிட்டது. தோட்டம் இருக்கிறது, தென்னை இருக்கிறது, லாரி இருக்கிறது, கோழிப்பண்ணை இருக்கிறது, பையனும் இருக்கிறான். பெண் மட்டும் படித்துவிட்டு பெங்களூரில் இருக்கிறது. இப்படியான நாளில் பையன் வீட்டு வாசலில் சின்னுசாமி மாமாவின் சொட்டு விழுந்தால் அது ஒரு கௌரவம். இந்த வீட்டுக்கும் பேச்சு வருகிறது என்று அர்த்தம். வாசலில் சொட்டு விழாத வீட்டில் பையன் தலையில் சொட்டை விழும் என்று தெருவில் ஒரு கேலிப் பேச்சே உண்டாகிவிட்டது. ஆகவே பையன் வீட்டில் வண்டியை வாசலுக்கு நேராக, தெருவில் போகிறவர்கள் பார்க்கிற மாதிரி நிறுத்தச் சொல்வார்கள். பெண் வீட்டிலோ பின்பக்கம் கட்டுத்தரையில், மாட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொல்வார்கள். வண்டி நிற்கிற இடத்தைப் பார்த்தே அது யார் வீடு என்று சொல்லிவிடலாம்.

இரும்புப் பெட்டி என்றேன். அதற்குள் இருப்பதெல்லாம் உண்மை என்று நான் சொல்லவில்லை. மாமா ஒரு பையனுக்கு முப்பத்தொன்று என்று சொன்னால் முப்பத்து நாலு. முப்பத்து நாலு என்றால் முப்பத்தேழு. மூன்று கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். என்னையும் அப்படித்தான் மூன்று குறைத்துச் சொல்லிக் கட்டிவைத்தார். என் மாமனார் அவர் பங்குக்கு மூன்றைக் கூட்டிக்கொண்டார். யாரும் ஏமாறவில்லை. எல்லோருக்கும் தெரிந்த பொய்யில் என்ன பொய் இருக்கிறது என்று மாமா கேட்பார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மாமாவின் ஒரே மகன் ஜெகதீஸ்வரன். முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறான். தண்ணி, சீட்டு, வம்பு எதுவும் கிடையாது. பேச்சும் அதிகம் கிடையாது. பண்ணைக்குள் போனால் ஆயிரக்கணக்கான கோழிகள் பேசுகின்றன, அதற்கு மேல் நான் எதற்குப் பேச வேண்டும் என்று ஒருநாள் என்னிடம் சொன்னான். அவனுக்கு வயது முப்பத்தேழு. இது கூட்ட வேண்டாத முப்பத்தேழு. அவனும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தோம், எனக்கு இரண்டு வகுப்புக் கீழே.

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுகிற பல்லி தான் போய் விழுமாம் கழுநீர்ப்பானையில் துள்ளி. மாமாவின் நிலைமை அதுதான். ஊரான் பிள்ளைக்கெல்லாம் முடித்துக்கொடுத்தவர் தன் பிள்ளைக்கு என்று வாயைத் திறக்க முடியாது. திறந்தால், நல்ல இடத்தையெல்லாம் தன் மகனுக்காக ஒதுக்கி வைத்திருந்தார் என்று பேசுவார்கள். இன்னொரு தரகரிடம் போகலாமென்றால் மானம் இடம் கொடுக்காது. அவருடைய வாசலில் மட்டும் சொட்டுக்குப் பஞ்சமில்லை. முன்பக்க சிமெண்டுத் தரை முழுக்க வருஷக்கணக்கில் விழுந்து விழுந்து கறுத்துக் கிடந்தது. ஆனால் அது வீட்டுக்குத் திரும்பி வந்த சொட்டு. அதற்கு மதிப்புக் கிடையாது.

இதற்கிடையில் கோயம்புத்தூரிலிருந்து தாடி வைத்த பையன்கள் இரண்டு பேர் வண்டியை விலைக்குக் கேட்டு வந்தார்கள். விண்டேஜ், விண்டேஜ் என்று சுற்றிச் சுற்றி வந்து போட்டோ எடுத்தார்கள். கசிகிற ஆயிலைக்கூட ஒருவன் விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தான். அவர்கள் போன பிறகு மாமா மகனையும் வண்டியையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு நின்றார். வண்டிக்கு வயதானால் விண்டேஜ், பையனுக்கு வயதானால் முதிர்கண்ணன் என்றார். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் ஜெகதீஸ்வரன் அங்கேயேதான் நின்றான்.

இந்தச் சமயத்தில்தான் ராசிபுரம் போகிற வழியில் தோட்டத்து வீட்டில் இருக்கிற சென்னியப்பன், தன் மகளுக்கு இடம் பார்க்கச் சொல்லி ஆள் அனுப்பினார். பெண்ணின் பெயர் சௌந்தர்யா. கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்துகிறாள். ஏற்கெனவே இரண்டு இடம் கூடிவந்து கலைந்துவிட்டது. யாரோ மொட்டை போன் போட்டு எதையோ சொல்லிக் கலைத்துவிட்டார்கள். பேச்சு நடப்பது எப்படி வெளியே தெரிந்தது? கட்டுத்தரையில் கிடந்த சொட்டைப் பால்காரர் பார்த்திருக்கிறார். இரண்டு இடத்தையும் கொண்டுபோனவர் சின்னுசாமி மாமாதான்.

ஆனாலும் சென்னியப்பனுக்கு மாமா மேல்தான் நம்பிக்கை. தோட்டத்து வாசலுக்கு வெளியிலேயே வண்டியை நிறுத்தச் செய்து, உள்ளே கூப்பிடாமல், நின்றவாக்கிலேயே கைகூப்பிச் சொன்னாராம்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க மேல ஒரு கொறையும் இல்லீங்க. உங்க வண்டி சொட்டறது நிக்கட்டும், அப்பறம் தாராளமா ஊட்டுக்கு வாங்க."

மாமா பஸ்ஸில் போயிருக்கலாம். போனால் பஸ் ஸ்டாப்பிலிருந்து தோட்டம் வரைக்கும், யார் வீட்டுக்குங்க என்று பத்துப் பேர் கேட்பார்கள். கார் பிடித்தால் மாப்பிள்ளை வீடே வந்திறங்கிவிட்டதாகப் பேச்சு கிளம்பும். ஆக, கசிவை நிறுத்தியே தீர வேண்டும். வழக்கமாக யாராவது இப்படிச் சொன்னால் போய்ட்டு வாரனுங்க என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிற மனிதர், இந்தத் தடவை விடவில்லை. ஏனென்று எனக்கு முதலில் புரியவில்லை. சாரதாமணி அத்தை என் மனைவியிடம் சொன்ன பிறகுதான் புரிந்தது. சௌந்தர்யாவை ஜெகதீஸ்வரனுக்கு என்று மாமா மனதுக்குள் முடித்து வைத்திருந்தார். நட்சத்திரம் பொருந்தியிருந்தது. பெண்ணுக்கும் முப்பது தாண்டியிருந்தது. இதை விட்டால் வேறு இடம் இல்லை என்று அத்தை அழுதாராம்.

வைத்தியம் தொடங்கியது. முதலில் மூடியின் விளிம்பில் துணி துவைக்கிற சோப்பை அழுத்தித் தேய்த்தார். எல்லோரும் சொல்கிற கைவைத்தியம் அது. ஒரு மழைக்கு நுரைத்துக்கொண்டு ஒழுகியது. பிறகு ஸ்பேனரை எடுத்து எல்லா போல்ட்டையும் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார். முன்னைவிட அதிகமாக ஒழுகியது. கடைசியில் ஒரு கொட்டாங்குச்சியைக் கம்பி கட்டி என்ஜினுக்கு அடியில் தொங்கவிட்டார். தெருக்கோடி வேகத்தடையில் அது கவிழ்ந்து, அதுவரை பிடித்து வைத்த அத்தனை ஆயிலையும் மொத்தமாக ஒரு வீட்டு வாசலில் ஊற்றிவிட்டது. அந்த வீட்டில் கல்யாண வயதில் யாருமே இல்லை. இருந்தது மனைவியை இழந்த ஒரு ரிட்டயர்டு வாத்தியார் மட்டும். அவரைப் பற்றி ஊர் பேசியதை இங்கே எழுத முடியாது.

வேறு வழியில்லாமல் சேலம் போனார். செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மண்டிகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் அன்பு என்று ஒரு மெக்கானிக், பழைய சீமை வண்டிகளை மட்டும் தொடுவான். அவனுக்கு வாய் ஓயாது. வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால் தன் பெருமையைக் கொஞ்ச நேரம் பேசுவான். நானும் கூடப் போயிருந்தேன். மூட்டை தூக்குகிறவர்களும் ஆட்டோக்களும் இடித்துக்கொண்டு போகிற அந்தச் சந்தில் மூடியைக் கழற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தான்.

"மறை கழண்டு போச்சுங்க" என்றான்.

யாரைச் சொல்கிறான் என்று மாமாவுக்கு ஒரு நிமிஷம் சந்தேகம். பிறகு அவனே விளக்கினான். ஒழுகுகிறது ஒழுகுகிறது என்று இத்தனை வருஷமாக இறுக்கியதில் போல்ட்டு ஓட்டைகளின் மறை தேய்ந்துவிட்டது. மூடியும் வளைந்துவிட்டது. முதலில் கசிந்தது என்னவோ பேக்கிங் கெட்டுப்போனதால்தான், அதற்கப்புறம் கசிந்ததெல்லாம் இவர் இறுக்கியதால். அன்பு வண்டியை வைத்துக்கொண்டான். கண்ணாடிப் பலகையில் பேஸ்ட் தடவி மூடியைத் தேய்த்துச் சமமாக்கினான், ஓட்டைகளுக்குப் புது மறை போட்டான், அட்டையை அளவாக வெட்டிப் புதுப் பேக்கிங் வைத்தான். திரும்பப் போனபோது வண்டிக்கு அடியில் வெள்ளைத் துணி விரித்து வைத்திருந்தான். துணி கல்யாண வேட்டி மாதிரி இருந்தது. வடித்தெடுத்த பழைய ஆயிலை ஒரு தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தான். எதையும் வீணாக்காத மாமா, கதவுக் கீலுக்கு ஆகும் என்று அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

சாரதாமணி அத்தை அன்றைக்கே வாசலைக் கழுவ உட்கார்ந்துவிட்டார். சோடா உப்பு, சோப்புத் தூள், தென்னை நார் எல்லாம் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, வருஷக்கணக்கான கறுப்பையெல்லாம் எடுத்துவிட்டார். அவர்கள் வீட்டு வாசல் சிமெண்டு நிறத்தில் இருக்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். இனிமேல் யாராவது மகனை விசாரிக்க வந்தால் வாசல் சுத்தமாக இருக்க வேண்டுமல்லவா என்றார்.

கசிவு நின்றது. தொல்லை தொடங்கியது. மாமா ஒரு பையன் வீட்டுக்குப் போய், காபி குடித்து, வெகுநேரம் பேசிவிட்டு வந்தாலும் வாசலில் ஒன்றும் இருக்காது. வந்தாரா வரவில்லையா என்று அக்கம்பக்கத்துக்கு எப்படித் தெரியும்? பையன்களைப் பெற்றவர்கள் தவித்துப் போனார்கள். மாமாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு பேச்சு, தொழிலை விட்டுவிட்டார் என்று ஒரு பேச்சு.

மேற்குத் தெருப் பொன்னாத்தாள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். புருஷன் இல்லை, ஒரே மகன், லாரி ஓட்டுகிறான், நாற்பது தொடப்போகிறான். மாமா வந்து போன அடுத்த நிமிஷமே பொன்னாத்தாள் டிராக்டருக்கு வாங்கி வைத்திருந்த ஆயிலில் கொஞ்சத்தை எடுத்துவந்து, வண்டி நின்ற இடத்தில் தானே ஊற்றிவிட்டார். ஆனால் அது புது ஆயில். தேன் மாதிரி மினுமினுத்தது. சின்னுசாமி மாமாவின் சொட்டு கறுப்பு என்பது எல்லோருக்கும் தெரியும். தெருவே சிரித்தது.

மாமாவும் சிரித்தார். அன்று சாயங்காலம் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற குட்டைச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, பொன்னாத்தாள் குனிந்து ஊற்றியதை நடித்தே காட்டினார். கள்ளச்சொட்டு போடுகிறவளுக்குப் பழைய ஆயில் வேண்டும் என்கிற அறிவுகூட இல்லை என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரிப்பு. அவருக்குப் பின்னால் சாரதாமணி அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை.

பிறகு மாமா சென்னியப்பன் தோட்டத்துக்குப் போனார். இப்போது அவரைத் தடுக்க யாருமில்லை. வண்டி நின்ற இடத்தைச் சென்னியப்பனே குனிந்து பார்த்தாராம். சுத்தம். உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள். மாமா பையன் யாரென்று சொல்லவில்லை. முதலில் சங்கதி பிடிக்கட்டும், பிறகு பெயரைச் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டார். ஒரே பையன், கோழிப்பண்ணை, தென்னந்தோப்பு, கெட்ட பழக்கம் இல்லை, ராசி இது, நட்சத்திரம் இது. எல்லாம் பிடித்திருந்தது. பையனின் அப்பா எப்படி என்று சென்னியப்பன் கேட்டார். மாமா கொஞ்சம் யோசித்து, நல்ல மனுசன், வாயில் இருந்து ஒரு சொல் வெளியே வராது என்றாராம். தன்னைப் பற்றித் தானே நற்சான்று கொடுத்துக்கொள்கிற வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்? வீட்டுக்கு வந்த அன்று மாமா வண்டியைத் துடைத்துக்கொண்டே சீட்டியடித்தார். அவர் சீட்டியடித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அடுத்த முறை போவதற்கு வளர்பிறையில் ஒரு நல்ல நாளைப் பார்த்தார். பீரோவிலிருந்து ஒரு புண்ணிய வேட்டியைப் பிரித்துக் கட்டிக்கொண்டார். அன்றைக்குப் பெயரைச் சொல்லிவிடுவதென்று முடிவு. அத்தை வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார். ஜெகதீஸ்வரன் பண்ணைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தான், எதற்கென்று யாரும் அவனைக் கேட்கவில்லை.

அங்கே நடந்ததைப் பின்னால் மாமாவே என்னிடம் சொன்னார். இரும்புப் பெட்டி திறந்தது அந்த ஒரு முறைதான்.

காபி வந்தது. பேச்சு நன்றாகவே போனது. பையனுக்கு வயது என்ன என்று சென்னியப்பன் கேட்டார். மாமாவின் நாக்கு பழக்கத்தில் முப்பத்து நாலு என்று சொல்ல எழுந்துவிட்டது. சம்பந்தி ஆகப்போகிறவரிடம் எதற்குப் பொய் என்று அதைப் பிடித்து நிறுத்தினாராம். தொழிலில் முதன்முறையாக, உள்ளதை உள்ளபடி முப்பத்தேழு என்றார். சென்னியப்பனின் முகம் வாடியது. ஒரு நிமிஷம் என்று எழுந்து உள்ளே போனார். உள்ளே பெண்கள் குரல் தணிந்து பேசுவது கேட்டது. திரும்பி வந்து, துண்டைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார்.

"எல்லாந் திருப்திதானுங்க. நாப்பதுன்னா மட்டும் கொஞ்சம் ஓசனையா இருக்குது."

"நாப்பது இல்லீங்க. முப்பத்தேழு."

"நீங்க சொன்னது முப்பத்தேழுதானுங்க" என்றார் சென்னியப்பன், ரொம்ப மரியாதையாக. "அதனாலதானுங்க நாப்பதுங்கறேன்."

உள்ளே கூட்டியது அப்பாவா, கணக்கு டீச்சரா என்று தெரியாது. மாமாவுக்கு வேர்த்துவிட்டது. கடைசியில் உடைத்துச் சொன்னார்.

"அது என்ற பையனுங்க. சத்தியமா முப்பத்தேழுதானுங்க."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. சென்னியப்பன் அவரை இரக்கத்தோடு பார்த்தார். ஊரான் பையனுக்கே மூன்று குறைக்கிறவர், சொந்தப் பையனுக்கு எத்தனை குறைத்திருப்பார் என்று அந்த மனுஷன் மனதுக்குள் மறுபடியும் கூட்டுவது மாமாவுக்குத் தெரிந்தது. ஜாதகத்தை எடுத்து நீட்டி, பிறந்த தேதி இருக்கிறது, பாருங்கள் என்றார். சென்னியப்பன் அதைக் கையில் வாங்கவில்லை. அதுவும் நீங்கள் எழுதிக்கொடுப்பதுதானே என்று மட்டும் சொன்னார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. வாசல் வரைக்கும் கூடவே வந்தார்.

"நாங்க கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்பறமுங்க."

எங்கள் பக்கம் வேண்டாம் என்ற சொல்லே கிடையாது. அதற்குப் பதில் இருப்பது இந்தச் சொல்தான். எத்தனையோ பையன் வீட்டில் போய் உட்கார்ந்து, சொல்லி அனுப்பறம்னு சொல்லியிருக்காங்க என்று வாய்கூசாமல் சொன்னவர் மாமா. கேட்டவர்கள் முகம் எப்படிப் போகும் என்பதும் அவருக்குத் தெரியும். தன் முகம் எப்படிப் போனது என்பதுதான் தெரியாது என்றார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அவர் திரும்பி வந்தபோது நான் எங்கள் வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். வண்டிச் சத்தம் கேட்டு அத்தையும் வெளியே வந்தார். மாமா வழக்கமாக நிறுத்துகிற இடத்துக்கு வந்தவர், காலை ஊன்றி நின்றுவிட்டார். கழுவித் துடைத்த சிமெண்டுத் தரையின் நடுவில், தெருவில் போகிறவர்கள் பார்க்கிற மாதிரி, ஒரு சொட்டு கிடந்தது. எட்டணா அகலத்துக்கு, காபி குடித்த அளவுக்கு. பளபளவென்று இருந்தது. நல்ல கறுப்பு.

மாமா உடனே குனிந்து என்ஜினுக்கு அடியில் கைவிட்டுத் தடவிப் பார்த்தார். கை காய்ந்திருந்தது. வண்டி சொட்டவில்லை. அவர் நிமிர்ந்து அத்தையைப் பார்த்தார். அத்தை முந்தானையில் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். கதவுக் கீலுக்கென்று வைத்த பாட்டில் எங்கே இருக்கிறது என்று மாமா கேட்கவில்லை. பொன்னாத்தாளைப் போல நடித்துக் காட்டிய மனிதர், அந்தச் சொட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஆரு வந்திருந்தாங்க?"

"பொண்ணு ஊட்டுக்காரங்க" என்றார் அத்தை.

"என்ன சொன்னாங்க?"

அத்தை அவருடைய முகத்தைப் பார்த்தார். தோட்டத்தில் நடந்ததை மாமா இன்னும் சொல்லியிருக்கவில்லை. புது வேட்டி கசங்கவுமில்லை.

"சொல்லி அனுப்பறோம்னாங்க."

மாமா தலையாட்டினார். என்ஜினை அணைத்தார். வண்டியை விட்டு இறங்கி, ஹேண்டில்பாரைப் பிடித்து, சொட்டின் மேல் சக்கரம் ஏறிவிடாமல் ஒதுக்கி ஒதுக்கித் தள்ளிக்கொண்டு, வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் கட்டுத்தரையில் கொண்டுபோய் நிறுத்தினார். அது வீட்டுக்குத் திரும்பி வந்த சொட்டு என்று யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா? அந்த வீட்டில் வண்டி பின்பக்கம் போய் நின்றது அன்றைக்குத்தான் முதல் தடவை. ஜன்னலில் நின்றிருந்த ஜெகதீஸ்வரன், வெளியே வந்து பண்ணைக்குப் போவதற்குச் செருப்பை மாட்டினான்.

மறுநாள் காலையில் நான் பல் விளக்கிக்கொண்டே குட்டைச் சுவருக்குப் பக்கத்தில் போனேன். எதிர்வீட்டுக்காரர் வாசலில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே அத்தையிடம் கேட்டேன்.

"ஏனுங்கத்தை, நேத்து ஒறம்பரை ஆரோ வந்துட்டுப் போனாங்களாட்ட இருக்குது?"

"ஆமாஞ் சாமி, ராசிபுரத்துப் பக்கமிருந்து" என்றார் அத்தை. எதிர்வீட்டுக்காரர் பேப்பரை மடித்துவிட்டு எட்டிப் பார்த்தார். அத்தை வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்தார், அந்தச் சொட்டுக்கு நடுவில் இடம் விட்டு.